கறுப்பா, வெள்ளையா?

கதை எழுதுகிறவனுக்கு வரும் கண்டனங்கள் பல வகை. நடை சரியில்லை என்பார்கள். முடிவு பிடிக்கவில்லை என்பார்கள். "இதை எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறதே!" என்று ரொம்ப மரியாதையாகத் திருட்டுப் பட்டம் கட்டுவார்கள். இருபது வருஷங்களாக இவற்றையெல்லாம் வாங்கி வாங்கி எனக்குத் தோல் தடித்துப் போயிற்று. ஆனால் போன மாசிச் சிவராத்திரிக்கு ஊருக்குப் போயிருந்தபோது, கோயில் வாசல் வேப்ப மரத்தடியில் பேச்சியம்மாள் சொன்ன ஒரு வார்த்தை தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

"கதை நல்லாத்தான் இருக்கு தம்பி. மகன் படிச்சுக் காட்டினான். ஆனா எங்கப்பா கால்ல வந்தது கறுப்பு இல்லை. வெள்ளை. ரவை மாதிரி இருக்கும்."

அவ்வளவுதான் சொன்னாள். கோபமில்லை, குறையுமில்லை. கையிலிருந்த தேங்காய் மூடியில் பாதியை உடைத்து என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். வாயில் போட மனசு வரவில்லை.

அந்தக் கதையைச் சிலர் படித்திருக்கலாம். வரப்புத் தகராறு ஒன்றில் ஒருவன் கோயிலில் சூடம் அணைத்துப் பொய்ச் சத்தியம் செய்கிறான். ஆறு மாதத்தில் அவன் வலது கால் வீங்குகிறது. வீக்கத்தில் வாய் திறக்கிறது. அந்த வாயிலிருந்து கடுகு கடுகாகக் கறுப்பு மணிகள் உதிர்கின்றன. அவன் தின்ற மண் அவன் கால் வழியாகவே வெளியே வருகிறது என்று நான் எழுதியிருந்தேன். அந்த வரியைப் பாராட்டி ஏழெட்டுக் கடிதங்கள் வந்தன. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்போது எனக்கும் அந்த வரியில் பெருமைதான்.

காலை மட்டும் நான் கற்பனை செய்யவில்லை. அது பேச்சியம்மாளின் தகப்பனார் வீரணனுடைய கால்.

உசிலம்பட்டிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. கருவேலமும் உடைமரமும் மண்டிக் கிடக்கும் பூமி. வீரணன் அந்த நிலத்தில் எங்கள் அப்பாவிடம் வேலை செய்தார். சின்னப் பிள்ளைகளாயிருந்த நாங்கள்கூட அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டோம். இப்போது எழுதும்போது 'அவர்' என்று போடுகிறேன். இது பேனாவின் மரியாதை. அன்று வாயில் இல்லை.

செருப்புப் போட மாட்டார். முள் தைத்தால் வரப்பில் உட்கார்ந்து இன்னொரு முள்ளால் எடுத்து எறிந்துவிட்டு எழுந்து போவார். அப்படி ஏதோ ஒரு முள் தைத்த இடத்தில் ஒரு நாள் சுண்டைக்காய் அளவு கட்டி வந்தது. வலி கிடையாது. வலியில்லாத கட்டிக்கு யார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்? சுண்டைக்காய் எலுமிச்சையாயிற்று, பிறகு பாதமே உரலின் அடி மாதிரி ஆயிற்று. ஆறேழு வருஷம் அந்தக் காலோடு உழுதார், களை எடுத்தார், பொங்கலுக்கு மாடு பிடித்துக்கொண்டு ஓடினார். பாதத்தில் நாலைந்து கண்கள் திறந்து நீர் வடிந்தது. பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டிக்கொள்வார். எந்தத் தெய்வக் குற்றமோ என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எங்கள் வீட்டிலும் பேசினார்கள். 1990-ல், எனக்குப் பத்து வயசில், பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அப்பா பஸ் சார்ஜும் கைச்செலவும் கொடுத்தார்.

அந்த மணிகளை நான் பார்த்தேனா? பார்த்ததாகத்தான் ஞாபகம். கிணற்றடியில் அவர் கட்டை அவிழ்த்தபோது துணியில் பொட்டுப் பொட்டாக ஏதோ இருந்தது. அது கறுப்பு என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கண் பார்த்த கறுப்பா, பாவத்துக்குக் கறுப்புத்தான் பொருத்தம் என்று கதை பூசிய கறுப்பா என்று இப்போது கேட்டால் சத்தியமாகச் சொல்ல முடியவில்லை. துணி துவைத்துப் போட்டவள் பேச்சியம்மாள்.

*

என் சிநேகிதர் ஒருவருடைய பெண் நோய்க் காளான்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். காளான் என்றால் சந்தையில் விற்கிறதே, அது அல்ல. ஊறுகாயில் பூக்கிற பூசணத்தின் ஜாதி. ஊரிலிருந்து திரும்பிய வாரமே அவளுடைய ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனேன். வீரணன் கதையை நான் முழுக்கச் சொல்லி முடிக்கக்கூட இல்லை, அவள் குறுக்கிட்டுக் கேட்டாள்:

"மணி என்ன நிறம், மாமா?"

எனக்குத் திக்கென்றது.

"ஏன் கேட்கிறாய்?"

"கறுப்பென்றால் பெரும்பாலும் பூஞ்சை. வெள்ளையென்றால் பூஞ்சையாகவும் இருக்கலாம், பாக்டீரியாவாகவும் இருக்கலாம். பாக்டீரியா என்றால் மாத்திரையும் ஊசியுமாகச் சில மாதங்களில் குணமாக நல்ல வாய்ப்பு உண்டு. பூஞ்சை என்றால் மருந்து வருஷக் கணக்கில் போகும், முற்றிவிட்டால் கத்திதான்."

வைத்தியர்கள் இந்த வியாதியை 'மைசெட்டோமா' என்கிறார்கள். அதற்கு முந்திய பெயர்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது: மதுரைக் கால். 1842-ல் மதுரையில் இருந்த கில் என்ற ஆங்கில வைத்தியர் இதைப் பற்றி எழுதினார். 1846-ல் கோல்புரூக் என்பவர் ஊர்ப் பெயரையே நோய்க்கு வைத்துவிட்டார். பம்பாயில் இருந்த வான்டைக் கார்ட்டர் இது பூஞ்சையால் வருவது என்று 1860 வாக்கில் சொன்னார். உலகம் முழுவதும் வைத்திய மாணவர்கள் படிக்கும் 'கிரேயின் அனாடமி' நூலின் முதல் பதிப்புக்குப் படம் வரைந்த கைதான் அது. மணி கறுப்பாக வரும் கால் வேறு, வெளிறி வரும் கால் வேறு என்று பிரித்து வைத்தவரும் அவரே. 1905-ல் புரும்ப் என்ற பிரெஞ்சுக்காரர் கறுப்பு மணிப் பூஞ்சையின் குலத்துக்கு 'மதுரெல்லா' என்று பெயர் சூட்டினார். வெள்ளை மணி தரும் பாக்டீரியா ஒன்றின் பெயரிலும் மதுரை இருக்கிறது: 'ஆக்டினோமதுரா மதுரே', இரண்டு தடவை! மல்லிகைக்கும் மீனாட்சிக்கும் மட்டுமே நம்மூர் பெயர் பெற்றது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்படியானால் உன் புதுக் கருவிகளை வைத்து, வீரணனுக்கு வந்தது எது என்று கண்டுபிடித்துவிடலாமா?" என்று கேட்டேன்.

"பூஞ்சையா பாக்டீரியாவா என்று பார்க்கப் புதுக் கருவியே வேண்டாம், மாமா" என்றாள். ஒரு மணியைக் கண்ணாடித் துண்டில் நசுக்கிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் போதுமாம். பூஞ்சையின் இழை தடிமன். பாக்டீரியாவின் இழை மிக மெல்லியது, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. இந்த வித்தை நூறு வருஷத்துக்கு மேற்பட்டது. 1990-ல் எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் செய்திருக்கலாம். வீரணனுக்குச் செய்தார்களா, செய்து பார்த்துத்தான் காலை எடுத்தார்களா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இன்னொன்றையும் மெதுவாகச் சொன்னாள். பாக்டீரியா வகைக்கு இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் நன்றாகக் கேட்கிறது என்று மெக்ஸிகோவில் ஒலிவெரியோ வெல்ஷும் அவருடைய கூட்டாளிகளும் 1987-லேயே எழுதியிருந்தார்களாம்.

1987. வீரணனுக்கு அப்போது இரண்டு காலும் இருந்தது.

*

பின்னே புதுக் கருவிகள் எதற்கு? இந்தக் கேள்விக்கு அவள் அரை நாள் பதில் சொன்னாள். விஞ்ஞானத்தைக் கல்லூரியில் பாதியில் விட்டவன் நான். எனக்குப் புரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பூஞ்சை என்று தெரிந்தால் மட்டும் போதாது. எந்தப் பூஞ்சை என்று தெரிய வேண்டும். முன்பெல்லாம் மணியைக் கழுவிக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பார்கள். மதுரெல்லா மகா சோம்பேறி. முளைத்து முகம் காட்ட வாரக் கணக்காகும். அதற்குள் காற்றில் வந்த வேறு பூசணம் தட்டை ஆக்கிரமித்துக்கொள்ளும். அப்படியே வளர்ந்தாலும் எல்லாம் பழுப்பாக, ஒன்றைப் போல ஒன்று இருக்கும். இப்போது டி.என்.ஏ.வைப் படிக்கிறார்கள். முழுவதையும் அல்ல. எல்லாப் பூஞ்சைகளிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் சில மரபணுக்கள் உண்டு. அவற்றின் நடுவே, மாறினாலும் பெரிய நஷ்டமில்லாத ஒரு துண்டு கிடக்கிறது. வயல்கள் ஒன்றுபோல் இருக்கின்றன, நடுவிலுள்ள வரப்பு மட்டும் ஊருக்கு ஊர் வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரப்பைப் படித்தால் ஊர் தெரிந்துவிடும். பூஞ்சைகளுக்கு இதுவே அடையாளச் சீட்டு என்று 2012-ல் விஞ்ஞானிகள் கூடி ஒப்புக்கொண்டார்கள். 'ஐ.டி.எஸ்.' என்று பெயர்.

படிக்கும் கருவி ஒன்றைக் காட்டினாள். மூக்குக் கண்ணாடிக் கூடு அளவுதான், கம்ப்யூட்டரில் செருகியிருந்தது. உள்ளே ஒரு சவ்வு, அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். டி.என்.ஏ. இழை நூல் ஊசிக் காதில் நுழைகிற மாதிரி நுழைய, ஒவ்வொரு எழுத்தும் கடக்கும்போது மின்சாரம் கொஞ்சம் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கம்தான் எழுத்து. நான் எழுதுவதை என் பதிப்பாளர் இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

இப்படிப் படிக்க ஆரம்பித்த பிறகு ஒரு விஷயம் வெளிப்பட்டது. ஒரே மதுரெல்லா என்று நினைத்திருந்தது ஒரு குடும்பமே. அதில் 'மதுரெல்லா ஃபஹாலி' என்ற ஒன்று, வழக்கமாகக் கொடுக்கும் இட்ரகோனசோல் மருந்துக்கு எளிதில் மசியாது. பெயர் தெரியாமல் வருஷக் கணக்கில் மருந்து கொடுத்தால் மருந்துக்கும் நஷ்டம், காலுக்கும் நஷ்டம்.

மருந்தைச் சோதிக்க 96 குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்திருக்கிறாள். பார்த்தால் பொம்மை வீட்டுப் பணியாரச் சட்டி. குழிக்குக் குழி மருந்தின் அளவைக் குறைத்துக்கொண்டே போய்ப் பூஞ்சையைப் போட்டு ஒரு வாரம் வைக்கிறாள். பிறகு ஒரு நீலச் சாயம். உயிர் இருக்கிற குழி இளஞ்சிவப்பாகிறது, செத்த குழி நீலமாகவே நிற்கிறது.

அடுத்த அறையில்தான் எனக்கு வயிற்றைப் புரட்டியது. ஒரு டப்பாவில் மரத்தூளுக்கு நடுவே வெளேரென்று கொழுத்த புழுக்கள். தேன்கூட்டைத் தின்று கெடுக்கும் மெழுகு அந்துப்பூச்சியின் புழு. எலிக்குப் பதில் இப்போது இதைப் பயன்படுத்துகிறார்களாம். மனித உடம்பின் சூட்டைத் தாங்கும். பூஞ்சையை ஊசியால் ஏற்றினால் அதன் உடம்புக்குள்ளேயே மணிகள் உண்டாகும். தட்டில் வளரும் மதுரெல்லா மணி கட்டுவதில்லை. உயிருள்ள உடம்புக்குள் போனால்தான் கட்டும். அந்த மணிதான் அதன் கோட்டை. கோட்டைக்குள் இருக்கும்போது மருந்து போய்ச் சேருகிறதா என்று பார்க்கப் புழு வேண்டியிருக்கிறது. 2015-ல் இந்த வழியை முதலில் காட்டினார்கள்.

"மணி ஏன் கறுப்பு?" என்று கேட்டேன். எனக்கு அந்த நிறத்தை விட மனசில்லை.

"மெலனின். நம் தலைமயிரில் இருக்கிறதே, அந்த இனம். பூஞ்சைக்கு அது கவசம். மருந்தையே பிடித்து வைத்துக்கொள்ளும்."

நிறம் எப்படியெல்லாம் ஆளை ஏமாற்றும் என்பதற்கு அவள் வேறொன்றும் சொன்னாள். 2021-ல் கொரோனாவின் இரண்டாம் அலையோடு 'கறுப்புப் பூஞ்சை' என்று ஊரே நடுங்கியதல்லவா? அந்தப் பூஞ்சை கறுப்பே இல்லையாம். ரத்தக் குழாய்களை அது அடைத்துவிட, செத்துப்போன சதைதான் கறுக்கிறது. பெயர் வைத்தவர்கள் பிணத்தின் நிறத்தைக் கொலைகாரனுக்குக் கொடுத்துவிட்டார்கள். என் கதையில் நான் செய்த வேலைக்கு அது ஒன்றும் பெரிய வித்தியாசமாகப் படவில்லை.

முள்ளைப் பற்றியும் கேட்டேன். சூடானில் இந்த வியாதி நம்மூரைவிட அதிகம். அங்கேயும் கருவேல முள், செருப்பில்லாத கால். மண்ணிலிருந்து மதுரெல்லாவை உயிரோடு வளர்த்தெடுக்க முடியாமல் இருந்த காலத்தில், 2002-ல், அந்த மண்ணிலும் ஒரு முள்ளிலும் அதன் டி.என்.ஏ. கிடைத்தது. திருடனைப் பிடிக்க முடியவில்லை, கைரேகை மட்டும் அகப்பட்டது.

*

புறப்படும்போது, ஒரு வழி இருக்கிறது என்றாள். அறுத்தெடுத்த உறுப்பில் ஒரு துண்டை மெழுகுக் கட்டியில் பதித்து ஆஸ்பத்திரிகளில் வைப்பது வழக்கம். முப்பது வருஷமானாலும் அந்த மெழுகுக்குள்ளிருந்து சில சமயம் டி.என்.ஏ. எடுக்கலாம். நொறுங்கித்தான் இருக்கும்; ஆனால் வரப்பில் ஒரு துண்டு கிடைத்தாலும் போதும். "வீரணனுடைய மெழுகுக் கட்டி மட்டும் கிடைத்தால் நானே பார்த்துச் சொல்கிறேன், மாமா."

இரண்டு முறை அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதல் முறை, சம்பந்தப்பட்டவர் லீவு. இரண்டாம் முறை ஒரு வயசான குமாஸ்தா பொறுமையாகக் கேட்டார். பழைய கட்டிடத்தை இடித்தபோது அந்தக் காலத்துச் சாமான்களெல்லாம் போய்விட்டன என்றார். "தொண்ணூறாம் வருஷமா? நோட்டுக்கூட இல்லீங்க சார்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. யாராவது தேடிக்கொண்டு வருவார்கள் என்று யார் கண்டார்கள்?

அன்று இரவு சிநேகிதரின் பெண்ணுக்கு இதை டெலிபோனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கார்ட்டூமில் நடந்ததைச் சொன்னாள். இந்த ஒரு வியாதிக்காகவே சூடானின் தலைநகரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அகமது ஹசன் ஃபஹால் என்ற சர்ஜன் 1991-ல் ஆரம்பித்தது. மேலே சொன்ன 'ஃபஹாலி' அவர் பெயர்தான். வாரம் ஒரு தடவை மட்டும் சாப்பிடும் ஒரு புது மாத்திரையை 2017 முதல் 104 நோயாளிகளிடம் சோதித்தது அங்கேதான். அது பழைய மருந்தை வெல்லவில்லை. ஆனால் தினம் விழுங்க வேண்டியது வாரத்துக்கு ஒரு நாளாகக் குறைந்தது. ஏழைக்கு அது சின்ன விஷயமல்ல. 2016-ல் உலக சுகாதார நிறுவனம் இந்த வியாதியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்ததற்கும் சூடான்காரர்களின் உழைப்பு ஒரு காரணம். 2023 ஏப்ரலில் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. நிலையம் அழிந்தது. நாற்பது வருஷத்துக்கு மேலாகச் சேர்த்து வைத்த மாதிரிகளும் குறிப்புகளும் போயின.

"அதையெல்லாம் இனிமேல் படிக்க ஆசைப்பட்டோம், மாமா" என்றாள். "கருவி வந்த நேரத்தில் படிக்க வேண்டியது போய்விட்டது."

நான் ஒரு மெழுகுக் கட்டிக்காக இரண்டு நாள் அலைந்தவன்.

*

பேச்சியம்மாளிடம் சொல்ல வேண்டுமே! ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். கடைசியில் கூப்பிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன்: வெள்ளையென்றால் இரண்டில் ஒன்று, எது என்று இனிமேல் தெரியாது, ஆனால் அது முள்ளிலிருந்தோ மண்ணிலிருந்தோ வந்ததுதான், வேறெதனாலும் இல்லை. 1987-ஐப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னேன்.

"அப்ப, மாத்திரையிலயே போயிருக்கலாமாக்கும்" என்றாள்.

"இருக்கலாம் அக்கா. அதுவும் நிச்சயமில்லை."

"சரி."

கதைத் தொகுதி இரண்டாம் பதிப்பு வரப் போகிறது, கறுப்பை எடுத்துவிட்டு வெள்ளை என்று மாற்றிவிடுகிறேன் என்று சொன்னேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டது மாதிரிக் குரலில் கொஞ்சம் உற்சாகம்கூட வந்துவிட்டது எனக்கு.

"மாத்துங்க தம்பி. அப்படியே அந்தப் பொய்ச் சத்தியத்தையும் எடுத்துருங்க. எங்கப்பா யாருக்கும் சத்தியம் பண்ணினதே இல்லை."

"அதை எடுத்தால் கதையே இல்லையே, அக்கா."

பதில் இல்லை. தூரத்தில் ஒரு கன்றுக்குட்டி கத்துவது கேட்டது. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் பதிப்பாளருக்கு எழுதினேன், அந்தக் கதை வேண்டாம் என்று. பக்க எண்களெல்லாம் மாறிவிடும், அட்டைப் படமே அந்தக் கதைக்குத்தான் வரைந்திருக்கிறது, கால்கூடத் தத்ரூபமாக வந்திருக்கிறதே என்று அவர் சண்டை பிடித்தார். அட்டைக்கு வேறு படம் போடச் சொல்லியிருக்கிறேன்.